'செக்' என்ற சொல்லில் வழுக்கி விழும் இடங்கள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் பிழைப்பு. அதில் சிவப்பு மையை அதிகம் குடிக்கிற சொற்களில் ஒன்று 'செக்'. நானும் ஆரம்பத்தில் விழுந்த குழிகள்தான். அதனாலேயே இன்னொருவர் விழும்போது எரிச்சல் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. காசோலையையும் பரிசோதனையையும் குழப்பிக்கொள்வதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பக்கத்து வாக்கியத்தைப் படித்தாலே அது சரியாகிவிடும்.

எல்லா செக்கும் சரிபார்ப்பு அல்ல

போட்டித் தேர்வுக்கான அரசியல் கையேடு ஒன்று. அமெரிக்க அரசமைப்பு பற்றிய அத்தியாயத்துக்குத் தலைப்பு 'சரிபார்ப்புகளும் சமநிலைகளும்'. மூலத்தில் இருந்தது 'செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்' (தமிழ் எழுத்தில் கண் வேறு எங்கோ போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்). உள்ளே போனால், 'அதிபரின் வீட்டோ, காங்கிரஸ் மீதான ஒரு சரிபார்ப்பு' என்று இருக்கிறது (காங்கிரஸ் என்பது அங்கே நாடாளுமன்றம், வீட்டோ என்பது மசோதாவைத் தடுக்கும் உரிமை). படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அதிபர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மசோதாவில் எழுத்துப்பிழை பார்க்கிறார் என்றுதான்.

நடப்பதோ மல்லுக்கட்டு. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் தடுக்கிறார். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் திரட்டினால் காங்கிரஸ் அந்தத் தடையை உடைக்கலாம். அதிபர் முன்மொழியும் நீதிபதியை, காங்கிரஸின் மேலவையான செனட் வேண்டாம் என்று சொல்லலாம். அரசமைப்புக்கு முரணான சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளலாம். 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் அதைச் செய்தும் காட்டியது. இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? 'கட்டுப்பாடுகளும் சமநிலையும்' என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது.

அது அச்சேறிய பிறகுதான் ஒரு ஆசிரியர் கண்ணில் பட்டது. அந்தப் பக்கங்களைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அந்த அவசரத்தில் யாரோ கணினியில் 'சரிபார்ப்பு' வருகிற இடத்தையெல்லாம் ஒரே அடியாக 'கட்டுப்பாடு' என்று மாற்றிவிட, 'வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு' என்பது 'வாக்காளர் பட்டியல் கட்டுப்பாடு' ஆகிப்போனது. மறுபடியும் அச்சு, மறுபடியும் காகிதம். கடைசியில் மொழிபெயர்த்த பெண்ணின் கூலியில்தான் கை வைத்தார்கள். பார்த்துத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தச் சொல்லின் பிறப்பு தெரிந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். சதுரங்கத்தோடு அந்தச் சொல் அரபிக்குப் போய், லத்தீனையும் பழைய பிரெஞ்சையும் தாண்டி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'ராஜாவுக்கு ஆபத்து' என்று எதிராளியை எச்சரிக்கும் குரல் அது. அந்தக் குரல் வந்துவிட்டால் மனதில் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் நின்றுபோகும். முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அங்கிருந்துதான் 'நிறுத்து', 'தடு', 'அடக்கு' என்ற பொருள்கள் கிளைத்தன. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. தடுப்பதுதான் மூத்தது.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இந்த மூத்த பொருள் நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 'கூட்டணிக் கட்சிக்கு செக் வச்சுட்டாரு பாத்தியா' என்று டீக்கடையில் சொல்கிறவரே, மேசையில் உட்கார்ந்ததும் 'அன்செக்டு பவர்' என்பதை 'சரிபார்க்கப்படாத அதிகாரம்' என்று எழுதுகிறார். 'கேட்பாரற்ற அதிகாரம்' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக உட்காருகிறது! விலைவாசியோ கோபமோ 'இன் செக்' என்று வந்தால் 'கட்டுக்குள்' இருக்கிறது. 'பணவீக்கத்தை ரிசர்வ் வங்கி சரிபார்த்து வருகிறது' என்று எழுதினால், யாரோ கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

வங்கி செக்குக்கு அரபித் தாய் தேடுவது

அரபியில் 'சக்' என்று ஒரு சொல் உண்டு. எழுத்துப் பத்திரம், பணம் தரச் சொல்லும் சீட்டு என்று பொருள். ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. உடனே அதுதான் மூலம் என்று அடிக்குறிப்பு போட்டுவிடுகிறார்கள். ஆங்கில அகராதிகள் காட்டும் வழி வேறு. 18-ஆம் நூற்றாண்டில் 'செக்' என்பது முதலில், சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு கையில் மிஞ்சும் அடிக்கட்டையைக் குறித்தது. தொகையைத் திருத்தி மோசடி செய்யாமல் தடுக்கிற கட்டை அது. பிறகு அந்தப் பெயர் சீட்டுக்கே ஒட்டிக்கொண்டது. இங்கேயும் தடுப்பதுதான். இன்றைய அரபியில் காசோலைக்கு வழங்கும் 'ஷீக்' ஐரோப்பாவிலிருந்து வாங்கிய கடன்.

பிரிட்டிஷ்காரர்கள் இதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவதற்கு 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லின் சாயல் காரணம். அது அவர்கள் கருவூலத்தின் பெயர். 12-ஆம் நூற்றாண்டில், சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசையில் கட்டம் போட்ட துணியை விரித்து, அதன்மேல் வில்லைகளை நகர்த்தித்தான் அரசனின் வரவு செலவைக் கூட்டினார்கள். பார்வைக்குச் சதுரங்கப் பலகை. அதனால் அந்தப் பெயர்.

'ராஜா செத்தான்'

செக்மேட்டுக்கு இந்தப் பொருளைச் சொல்லாத சதுரங்க வகுப்பே இல்லை போலிருக்கிறது. பாரசீகத்தில் 'ஷா மாத்' என்றால் அரசன் செய்வதறியாது நிற்கிறான் என்று அர்த்தம். 'மாத்'தை, இறப்பைக் குறிக்கும் அரபிச் சொல்லாக எடுத்துக்கொண்டதில் வந்த வினை. சதுரங்கத்தில் ராஜா சாவதே இல்லை, மாட்டிக்கொள்கிறான்.

ரெயின் செக்

மழைக் காசோலை அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு. கதாபாத்திரம் இதைச் சொன்னால் 'இன்னொரு நாள் பாத்துக்கலாம்' என்று எழுதுங்கள்.

அமெரிக்க உணவகத்தில் 'செக் ப்ளீஸ்'

பில்.

மெட்ராஸ் செக்

இது துணி. சென்னைப் பக்கத்துத் தறிகளிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தி. அமெரிக்க நாவலில் ஒருவன் வெறுமனே 'மெட்ராஸ்' உடுத்தியிருந்தாலும் அதுதான். அவனைச் சென்னைக்காரன் ஆக்கிவிடாதீர்கள்.

செக் குடியரசு

இது வேறு செக். பாரசீக ராஜாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.