வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டர்: எந்த உதவியை எப்போது அணைப்பது?

ஃப்ளைட் சிமுலேட்டரைப் புதிதாக நிறுவியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது உதவி அமைப்புகள் பக்கத்தில்தான். எல்லா உதவிகளையும் போட்டுவிட்டால் விமானம் கிட்டத்தட்டத் தானாகவே பறக்கிறது, நமக்கு வேலையே இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே ஓடுபாதையிலிருந்து விலகிப் புல்வெளிக்குள் போய் நிற்கிறது. முதலாவது சலித்துவிடும், இரண்டாவது மனம் விட்டுப்போகச் செய்யும். எதை முதலில் அணைப்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

உதவிகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் கைக்குப் பதிலாகத் தானே விமானத்தை ஓட்டும் உதவி: ஆட்டோ ரட்டர் (மூக்கை இடம்வலம் திருப்பும் வால் துடுப்பான ரட்டரைத் தானே அசைப்பது), தானியங்கி ட்ரிம் (கையை எடுத்தாலும் மூக்கு அதே நிலையில் நிற்கும்படி தானே சரிசெய்வது), தரையிறக்க உதவி போன்றவை. இன்னொன்று தகவல் மட்டும் தருவது: தரையில் போக வேண்டிய வழியைக் காட்டும் கோடு, அடுத்து எந்தச் சுவிட்ச் என்று சுட்டும் ஒளி, விமான நிலையங்களின் பெயர்க் குறிகள். முதல் வகையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கழற்றுங்கள். இரண்டாம் வகையை மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் தவறில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நிஜ விமானிக்குக் கிடைக்கும் பல தகவல்கள் நம் மேசைக்கு வந்து சேர்வதே இல்லை. நிஜ விமானத்தில் வேகம் கூடக்கூட கட்டுப்பாட்டுக் கோல் கையில் இறுகும். விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் இருக்கையில் உடம்பு ஒரு பக்கம் தள்ளப்படும். இறங்கும்போது தரை நெருங்குவது ஓரக்கண்ணுக்குத் தெரியும். வீட்டில் இருப்பது ஒரு ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கும் ஒரு திரையும்தான். ஆகவே எல்லா உதவிகளையும் அணைத்த நிலை சில விஷயங்களில் நிஜத்தைவிடக் கடினம். அதை ‘முழு நிஜம்’ என்று அழைப்பதை நான் ஏற்பதில்லை.

படத்தின் அழகும் இதில் இரண்டாம் பட்சம். 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க், தன் குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் புழங்கிய காற்றுத் துருத்திகளைக் கொண்டு ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். மூடியைச் சாத்திவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. 1934-ல் அஞ்சல் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபின், அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு அதில் ஆறு பெட்டிகளை வாங்கியது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க அந்தப் பெட்டி கற்றுக்கொடுத்தது. வானமோ தரையோ காட்டாமலேயே அந்த ஒரு வேலையை அது சரியாகச் செய்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மென்பொருள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் (2020, 2024 இரண்டு பதிப்புகளும்) உதவிகள் அதிகம், கேம்பேடை வைத்தே பறக்கலாம். ஆனால் நிலப்பரப்பு இணையம் வழியாக வந்துகொண்டே இருப்பதால் நல்ல இணைப்பு வேண்டும். எக்ஸ்-ப்ளேன் 12 இறக்கையையும் ப்ரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. அதற்கு இலவச டெமோ உண்டு. ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம், தன்னார்வலர்கள் 1990-களிலிருந்து வளர்த்துவரும் திறமூல மென்பொருள். டிசிஎஸ் வேர்ல்ட் போர் விமானங்களுக்கானது. அருமையான மென்பொருள்தான், ஆனால் முதல் விமானத்தை அங்கே ஓட்டிப் பழக வேண்டாம் என்பேன்.

இதில் எது அதிக நிஜம் என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது, அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். உங்கள் கணினியில் எது தடங்கலின்றி ஓடுகிறதோ அதை எடுங்கள். தரையிறங்கும் நேரத்தில் படம் விட்டுவிட்டு வந்தால் எந்த விமானியாலும் உயரத்தைக் கணிக்க முடியாது. மேகத்தின் தரத்தைக் குறைத்தாவது ஓட்டத்தைச் சீராக்குங்கள்.

படி 2: கையில் என்ன இருக்கிறது?

கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் முழுசு, விட்டால் ஒன்றுமில்லை. பாதி அளவு திருப்புவது என்பதே அதில் இல்லை. அதனால் கீபோர்டில் பறப்பவர்கள் உதவிகளை அணைக்க அவசரப்படக் கூடாது. கேம்பேட் பரவாயில்லை. ஆனால் அதன் குச்சி மிகச் சிறிய தூரம்தான் அசையும் என்பதால், அமைப்புகளில் உணர்திறன் வளைவை நடுப்பகுதியில் மென்மையாக்கிக்கொள்ளுங்கள். கைப்பிடியை முறுக்கினால் ரட்டர் அசையும் ஜாய்ஸ்டிக் ஒன்று கிடைத்தால் அதுவே தொடக்கத்துக்குப் போதும். யோக் (ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி), ரட்டரைக் காலால் அசைக்கும் பெடல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜாய்ஸ்டிக்கின் மேலே இருக்கும் சிறு குமிழைத் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். ஓரப்பார்வை இல்லாத நமக்கு இது அவசியம்.

படி 3: ஒரே விமானம், அமைதியான வானம்

செஸ்னா 172-ஐ எடுங்கள். மேலே சொன்ன முதல் மூன்றிலும் அது இருக்கிறது. பெரிய ஜெட் மீது ஆசை வருவது இயல்பு, ஆனால் அதில் உங்கள் கை செய்யும் தவறுகளைத் தானியங்கிகள் மறைத்துவிடும்.

முதல் நாள் அமைப்பு இதுதான். பகல், தெளிந்த வானம், காற்று பூஜ்யம். விமானம் ஓடுபாதையில் இன்ஜின் ஓடும் நிலையில். மோதினால் விமானம் சேதமாகும் அமைப்பு அணைந்திருக்கட்டும். தகவல் உதவிகள் எல்லாம் போட்டிருக்கட்டும். தானே ஓட்டும் உதவிகளில் ஆட்டோ ரட்டர் மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை இப்போதே அணைத்துவிடுங்கள்.

படி 4: நேராகப் பறப்பது, ட்ரிம்

த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுதாகத் தள்ளுங்கள். வேகம் 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வந்ததும் கோலை மெல்லப் பின்னால் இழுங்கள். ஏறும்போது வேகம் 75 நாட்டை ஒட்டியிருக்கட்டும். 3000 அடியில் மூக்கைத் தாழ்த்தி, இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 2300 சுற்று வாக்கில் வையுங்கள்.

இப்போது கோலை விட்டுவிட்டால் விமானம் ஏறவோ இறங்கவோ பார்க்கும். இங்கேதான் ட்ரிம். நிஜ விமானி கையில் இருக்கும் அழுத்தம் மறையும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுற்றுவார், கண்ணால் பார்க்கவே வேண்டாம். நம் ஸ்பிரிங்குக்கு விமானத்தின் வேகம் தெரியாது என்பதால் நாம் வேறு வரிசையில் போக வேண்டும். முதலில் கோலைப் பிடித்தே மூக்கைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள். வேகம் நிலைக்கும்வரை காத்திருங்கள். பிறகு ட்ரிமைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே, அதே அளவுக்குக் கோலை நடுவுக்கு விடுங்கள். கையை எடுத்தபின் உயரம் மாறாமல் இருந்தால் முடிந்தது. த்ராட்டிலையோ ஃப்ளாப்பையோ (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

தானியங்கி ட்ரிமை முதல் நாளே அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். ட்ரிம் கைவராதவர் தரையிறங்கும்போது கோலோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்.

படி 5: ஆட்டோ ரட்டரை அணையுங்கள்

நேராகப் பறப்பதும் திரும்புவதும் பழகிவிட்டதா? முறுக்கும் ஜாய்ஸ்டிக் அல்லது பெடல் இருந்தால் இப்போது ஆட்டோ ரட்டரை அணையுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் அது நிரந்தரமாகவே இருக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

அணைத்ததும் விமானம் ஓடுபாதையில் இடப்பக்கம் இழுக்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது சுழற்றிவிடும் காற்று உடம்பைச் சுற்றிப் பின்னால் போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. இன்ஜினின் எதிர்முறுக்கும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மூக்கு மேலே தூக்கியிருக்கும்போது ப்ரொப்பெல்லரின் கீழிறங்கும் வலப்பக்க இலை அதிகம் இழுப்பதும் இதே திசைக்குத்தான். ஆகவே த்ராட்டிலைத் தள்ளும்போதே வலது ரட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். த்ராட்டிலைப் பட்டென்று தள்ளாமல் மூன்று நான்கு நொடி எடுத்துக்கொண்டால் இழுப்பும் படிப்படியாக வரும்.

படி 6: தரையிறங்குதல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஓடுபாதைக்கு நேராக, நான்கு கடல் மைல் தொலைவில், தரையிலிருந்து 1200 அடி உயரத்தில் விமானத்தை வைத்துத் தொடங்குங்கள். மூன்று டிகிரிச் சரிவு என்பது ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி, கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். 85 நாட்டுக்குக் கீழே வந்தபின் முழு ஃப்ளாப், பிறகு வேகம் 65. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 325 அடி இறங்கினால் சரிவு சரி.

பல ஓடுபாதைகளின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்வு, நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். ஓடுபாதைக்கு மேலே வந்ததும் த்ராட்டிலை முழுதாகக் குறைத்து, பார்வையை ஓடுபாதையின் தொலை முனைக்கு மாற்றுங்கள். மூக்குக்கு நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தால் உயரம் பிடிபடாது. மெல்ல மெல்ல மூக்கைத் தூக்கி, விமானம் தானே உட்காரும்வரை பொறுங்கள்.

தப்பாகிறதா? சிமுலேட்டரை அப்படியே நிறுத்தி வையுங்கள் (pause). வேகம், உயரம், விளக்குகள் மூன்றையும் பாருங்கள், யோசியுங்கள், தொடருங்கள். அல்லது மறுபடி நான்கு மைலுக்குப் போய்விடுங்கள். இதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய சிமுலேட்டர்களிலும் பயிற்சியாளரின் மேசையில் எல்லாவற்றையும் உறைய வைக்கும் பொத்தானும், விமானத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் வசதியும் இருக்கின்றன.

படி 7: நிஜத்தைக் கூட்டுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் காற்று: ஓடுபாதைக்கு நேரெதிராக 8 நாட், பிறகு அதே காற்று பக்கவாட்டில். அடுத்து சேதம். அதன் பிறகு எல்லாம் அணைந்த நிலையிலிருந்து இன்ஜினைக் கிளப்புவது. இதைப் பலர் முதல் நாளே முயல்கிறார்கள். சுவிட்ச் வரிசையை மனப்பாடம் செய்வது வேறு, பறப்பது வேறு. இரண்டாவது வந்தபின் முதலாவது எளிது. நேரடி வானிலையை இதற்கெல்லாம் அப்புறம் போடுங்கள்.

மனிதர்களே கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து பேசும் வாட்சிம் என்ற இலவச வலையமைப்பு இருக்கிறது. தகவல் உதவிகள் இல்லாமல் ஒரு விமான நிலையத்தில் வழி கண்டுபிடிக்க முடிகிறதென்றால் அங்கே சேரலாம். ஒன்று மட்டும்: வீட்டுக் கணினியில் இப்படிப் பறந்த நேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் வராது. அதற்கு விமானப் போக்குவரத்து அமைப்பு அங்கீகரித்த கருவி வேண்டும்.

கடைசியாக இன்ஜின் கோளாறு. 172எஸ் ரகத்தில் இன்ஜின் நின்றால் உடனே 68 நாட் வேகத்துக்கு ட்ரிம் செய்யுங்கள். 1000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகலாம். முதல் சில தடவை ஓடுபாதைக்கு நேர் மேலே 3000 அடியில் இதைத் தொடங்குங்கள், சுற்றி இறங்க நேரம் இருக்கும்.