ஆஃப்ரோ முடி: விளம்பரத்தைப் படிக்கும் முறையும் முடியைப் பேணும் முறையும்

என் மகளுக்கு வாய்த்தது அவளுடைய தந்தையின் முடி. அவர் கானா நாட்டைச் சேர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வாழ்பவள். மகளுக்கு நான்கு வயதானபோது, பாடகி ஒருவர் இடுப்புவரை தொங்கும் சுருள் கூந்தலை உதறிக் காட்டும் விளம்பரத்தை நம்பி, ஷாம்பு, கண்டிஷனர், எண்ணெய் என்று மூன்று புட்டிகளை வாங்கி வந்தேன். மூன்று மாதங்களில் புட்டிகள் தீர்ந்தன. மகளின் நெற்றியோர முடியும் பாதியாகக் குறைந்துவிட்டது. புட்டிகளோடு என் கையும் அதற்குக் காரணம் என்பது, என் மாமி கானாவின் தலைநகரான அக்ராவிலிருந்து வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்போது கற்றுக்கொண்டவற்றையும் பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த முடியின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் விளம்பரங்கள் அதைத் தவறாகக் கற்பித்தே பொருளை விற்கின்றன. ஆஃப்ரோ முடியை, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுகச் சுருண்ட முடியை, குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இராது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அது முளைக்கும் மயிர்க்காலே வளைந்திருப்பதால், வெளியே வரும்போதே சுருண்டு வருகிறது. நேரான முடியில் தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் எளிதாக நுனிப்பக்கம் இறங்கும். இங்கே ஒவ்வொரு வளைவும் அதைத் தடுத்துவிடுவதால், தலைத்தோல் பிசுபிசுத்தாலும் நுனி காய்ந்தே கிடக்கும். ஒவ்வொரு முறுக்கும் ஒரு பலவீனமான இடம், இழுத்தால் அங்கேதான் அறும். வளரும் வேகமும் சற்றுக் குறைவு: அளந்து பார்த்த ஆய்வுகளில் ஐரோப்பியரின் முடி மாதத்துக்குச் சுமார் 1.2 சென்டிமீட்டரும், ஆப்பிரிக்கரின் முடி சுமார் 0.8 சென்டிமீட்டரும் வளர்ந்தன. அப்படியானால் ஆண்டுக்கு ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வளரத்தான் செய்கிறது. அதே அளவு நுனியில் ஒடிந்துகொண்டே இருப்பதாலும், ஈரம் காய்ந்ததும் பாதி நீளத்துக்கும் கீழே சுருங்கிவிடுவதாலும், முடி வளரவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. ஆகவே "முடியை வளரச் செய்யும்" என்று விற்கப்படும் பொருள் தொடக்கத்திலேயே தவறான இடத்தைக் குறிவைக்கிறது. ஒடியாமல் காப்பதுதான் நம் வேலை.

விளம்பரத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த முடி அவருடைய தலையில் முளைத்ததா என்பதுதான். கல்யாண வீடுகளில் சவுரி வைத்துப் பின்னுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. விக், வீவ், எக்ஸ்டென்ஷன் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அது சவுரியே. அதை அணிவதில் தவறேதும் இல்லை. தம் முடிக்கு ஓய்வு கொடுப்பதற்காகவே விக் அணியும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். சவுரியைக் காட்டி ஷாம்பு விற்பதுதான் தவறு. திருப்பதி திருமலையில் காணிக்கையாகச் செலுத்தப்படும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, விக்காகவும் எக்ஸ்டென்ஷனாகவும் உலகெங்கும் போகிறது. பாடகியின் தோளில் புரளும் கூந்தல் அங்கே மொட்டையடித்துக்கொண்ட ஒரு பெண்ணின் கூந்தலாகவும் இருக்கலாம், புட்டிக்குள் இருக்கும் எந்தத் திரவமும் என் மகளின் முடியை அதுவாக மாற்றாது.

2009இல் பிரிட்டனில் பாடகி செரில் கோல் தோன்றிய லோரியால் எல்வைவ் என்ற முடிப் பராமரிப்புப் பொருளின் விளம்பரத்தில், அவர் எக்ஸ்டென்ஷன் அணிந்திருப்பதாகத் திரையின் அடியில் ஒரு சிறு வரி ஓடியது. பார்வையாளர்கள் புகார் செய்தும், விளம்பரத் தர ஆணையம் அதில் விதிமீறல் இல்லை என்றே முடிவு செய்தது. எனவே அந்தச் சிறு வரியைத் தேடிப் படிக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. காணொளியை நிறுத்தி அடியெழுத்தைப் படியுங்கள். "ஒடிதல் 90 சதவீதம் குறையும்" என்பது போன்ற வாக்கு இருந்தால், எதனோடு ஒப்பிட்டு அந்த எண் வந்தது என்று பாருங்கள். கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்புவோடு ஒப்பிட்டிருந்தால், அங்காடியில் கிடைக்கும் எந்த நல்ல கண்டிஷனரும் முடியை வழுக்கச் செய்து ஒடிதலைக் குறைத்திருக்கும்.

அடுத்து, பிரபலம் என்ன சொல்கிறார் என்பதைச் சொல் சொல்லாகக் கேளுங்கள். ஒரு பொருளைத் தாம் பயன்படுத்துவதாகப் பிரபலம் சொன்னால், அவர் அதை உண்மையாகவே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பின் நெறி. "எனக்கு மிகவும் பிடிக்கும்" என்பதும் "நான் இதைத்தான் பூசுகிறேன்" என்பதும் ஒன்றல்ல. பிரிட்டனில் பணம் பெற்று இடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பொருளின் பலனை மிகைப்படுத்தும் ஃபில்டர்களை அழகுப்பொருள் விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று 2021இல் விளம்பரத் தர ஆணையம் தெளிவுபடுத்தியது.

"இயற்கையானது" என்ற சொல்லிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1990களில் ரியோ என்ற முடி நேராக்கி, பிரேசில் காட்டுத் தாவரங்களிலிருந்து வந்தது என்றும் கடுமையான ரசாயனம் இல்லாதது என்றும் சொல்லி, நீண்ட தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகக் கறுப்பினப் பெண்களுக்கு விற்கப்பட்டது. பூசியவர்களுக்கு முடி கொட்டியது, சிலருக்குப் பச்சை நிறமாக மாறியது. அந்தக் கலவை கடும் அமிலத்தன்மை கொண்டது என்பது பிறகு தெரிந்தது. புகார்கள் குவிய, 1994 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. 2011இல் அதே நிர்வாகம், ஃபார்மால்டிஹைட் என்ற நச்சு வேதிப்பொருள் இல்லாதது என்று முகப்புச் சீட்டில் எழுதியிருந்த பிரேசிலியன் புளோஅவுட் என்ற முடி நேராக்கிக் கலவையில் 8.7 முதல் 10.4 சதவீதம்வரை, சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் மெத்திலீன் கிளைக்கால் இருப்பதைக் கண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புட்டியின் முகப்பில் எழுதியிருப்பது விற்பவரின் பேச்சு, பின்பக்கத்துப் பட்டியலைத்தான் நாம் படிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலைப் படிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சேர்மானங்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அங்கே அனுமதி இல்லை. எனவே அந்தப் பெயருக்குப் பின்னால் ஆர்கன் கொட்டையின் எண்ணெயோ ஷியா கொட்டையின் வெண்ணெயோ வந்தால், அது 1 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. நான் வாங்கிய எண்ணெய்ப் புட்டியின் முகப்பில் பெரிதாக வரைந்திருந்த கொட்டை, பட்டியலில் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது.

பிரபலங்கள் விற்கும், பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த மிட்டாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடி இயல்பாக இருக்கப் பயோட்டின் துணைபுரிகிறது என்று சொல்லத்தான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது, வளரச் செய்யும் என்று சொல்ல அனுமதிக்கவில்லை. மிகுதியாக உண்டால் மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையின் முடிவே தவறாக வரக்கூடும்.

ரிலாக்ஸர் என்ற ரசாயன முடி நேராக்கியைப் பூசுவதா வேண்டாமா என்பது வளர்ந்த பெண்ணின் சொந்த முடிவு, அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் முழுச் செய்தியையும் அறிந்து முடிவெடுக்க வேண்டும். "லை இல்லாதது" என்று விற்கப்படும் ரிலாக்ஸரில், லை எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாவிட்டாலும் வேறொரு கடும் காரம் இருக்கும், அதுவும் தோலைப் புண்ணாக்கும். 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் நேராக்கிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம் என்றும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்றும் அதில் கணக்கிட்டார்கள். நேராக்கிதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் சிறுமியின் தலையில் அதைப் பூச நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

இனித் தலை கழுவும் நாள். யாழ்ப்பாணத்தில் தலை வாருவதைத் "தலை இழுப்பது" என்றே சொல்வோம். என் அம்மம்மா எனக்குச் செய்தபடியே நானும் காய்ந்த முடியில் உச்சியிலிருந்து நுனிவரை சீப்பை இழுத்தேன். நேரான, எண்ணெய் பூசிய முடி அதைத் தாங்கும். ஆஃப்ரோ முடி தாங்காது.

வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். கழுவுவதற்கு முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் பூசலாம். அது முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தத் திறன் காணப்படவில்லை. ஆனால் எண்ணெய் ஈரம் ஆகாது. நீர் படாத காய்ந்த முடியில் எண்ணெயை எவ்வளவு பூசினாலும் வறட்சி தீராது.

முடியை ஆறு அல்லது எட்டுப் பகுதிகளாக வகிடெடுத்துத் தளர்வாக முறுக்கி வையுங்கள். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும் போதும், நுனிக்கு வழிந்து போகும் நுரையே போதுமானது. பிறகு ஒவ்வொரு பகுதியாக அவிழ்த்து, கை வழுக்கும் அளவுக்குத் தாராளமாகக் கண்டிஷனர் பூசி, முதலில் விரல்களால் சிக்கெடுங்கள். மாமி செய்ததை அப்படியே சொல்கிறேன்: இடக்கையால் முடியை நடுவில் இறுகப் பற்றிக்கொண்டார், அதனால் இழுப்பு வேருக்குப் போகவில்லை; வலக்கையிலிருந்த அகலப் பல் சீப்பால் நுனியில் ஒரு விரல்நீளத்தை மட்டும் சீவினார்; அது தடையின்றி ஓடிய பிறகே இடக்கையை ஒரு விரல்நீளம் மேலே ஏற்றினார். சீப்பின் ஒலியைக் கேட்டுக்கொண்டே இரு என்றார். டிக் டிக் என்று கேட்டால் முடி அறுகிறது என்று பொருள், உடனே நிறுத்தி நீரும் கண்டிஷனரும் இன்னும் சேர்க்க வேண்டும். அன்று ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. மகள் ஒரு முறைகூட அழவில்லை, அதற்குமுன் ஒவ்வொரு ஞாயிறும் அழுதிருந்தாள்.

அலசிய பின் துவாலையால் தேய்க்காமல், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே கழுவி நீக்கத் தேவையில்லாத லீவ்-இன் கண்டிஷனரைப் பூசி, அதன்மேல் சிறிதளவு எண்ணெயோ ஷியா வெண்ணெயோ தடவினால் ஈரம் உள்ளே தங்கும். பின்னர் இரண்டிரண்டு புரிகளாக முறுக்கிக் காய விடுங்கள். இரவில் சாட்டின் தொப்பியோ சாட்டின் தலையணை உறையோ வேண்டும், பருத்தித் துணி முடியை உராய்ந்து ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

பின்னல் போடுபவரிடம் இறுக்க வேண்டாம் என்று முதலிலேயே வெட்கப்படாமல் சொல்லுங்கள். பின்னி முடித்ததும் கண்ணோரத் தோல் இழுபட்டாலோ, வேரில் சிறு கொப்புளங்கள் தோன்றினாலோ, வலிமாத்திரை தேவைப்பட்டாலோ, அன்றே அவிழ்த்துவிடுங்கள், கொடுத்த பணத்தை நினைக்க வேண்டாம். தொடர்ந்த இழுப்பால் நெற்றியோர முடி உதிரும்போது தொடக்கத்தில் நிறுத்தினால் திரும்ப முளைக்கும், தழும்பு விழுந்துவிட்டால் முளைக்காது. நன்றாகப் பொருந்திய பின்னலையும் இரண்டு, மூன்று மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

உச்சந்தலையின் நடுவில் முடி அடர்த்தி குறைந்து, எரிச்சலோ அரிப்போ இருந்தால், எந்த சீரத்தையும் வாங்கிப் பார்த்துக் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் காணப்படும் ஒருவகைத் தழும்பு வழுக்கை அங்கிருந்துதான் பரவும், சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் எஞ்சிய முடியைக் காக்க முடியும். போவதற்கு முந்தைய நாளே பின்னலை அவிழ்த்து, விக்கைக் கழற்றி, தலைத்தோல் தெரியும்படி வையுங்கள்; பூசும் பொருள்களின் பின்பக்கப் பட்டியல்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நானும் மூன்று புட்டிகளின் படங்களோடு போயிருந்தேன். மருத்துவர் அவற்றைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மகளின் நெற்றியோரத்தை விளக்கு வைத்துச் சோதித்தபடி, வீட்டில் இவளுக்கு யார் தலை வாருகிறீர்கள், எப்படி வாருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.