சுவாரெஸுக்கு 8, டெர்ரிக்கு 4: சண்டையில் இறங்குவதற்கு முன்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறைத்தோழன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், நான் லிவர்பூல். 2011 அக்டோபர் 15, ஆன்ஃபீல்ட் மைதானத்தில் எங்கள் இரண்டு அணிகளும் மோதிய ஆட்டம் 1-1. ஜெரார்ட் ஃப்ரீகிக்கில் போட்டார், ஹெர்னாண்டஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். அதோடு இரண்டு பேரும் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். ஆனால் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ் தன்னை நிறம் சொல்லித் திட்டினார் என்று யுனைடெட்டின் கறுப்பின ஆட்டக்காரர் பாட்ரிஸ் எவ்ரா புகார் சொன்னார். அடுத்த இரண்டு மாதம் எங்கள் அறையில் மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்வதைத் தவிர வேறெதிலும் ஒற்றுமை இல்லை.

டிசம்பர் 20 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் தீர்ப்பு வந்தது. 8 போட்டித் தடை, 40,000 பவுண்டு அபராதம். மறுநாள் விகன் மைதானத்தில் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டிஷர்ட்டோடு வார்ம்-அப் செய்தார்கள். நானும் அதே மாதிரி ஒன்றைப் பிரிண்ட் போட்டு மாட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். நிறம் சொல்லித் திட்டிய வழக்குகளைப் பற்றி நண்பர்களோடு எப்படி வாதாடுவது என்ற இந்த வழிகாட்டியை எழுதுகிறவன் அந்த ஆள்தான். எப்படிச் சண்டை போடக்கூடாது என்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

முதல் வேலை, தீர்ப்பைப் படிப்பது. செய்தியை அல்ல, தீர்ப்பை. சுவாரெஸ் வழக்கில் விசாரணைக் குழுவின் முழு அறிக்கை டிசம்பர் 31 அன்று வெளியானது. 115 பக்கம். ஓட்டை கண்டுபிடிக்கத்தான் நான் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் ஒன்று கிடைத்த மாதிரியும் இருந்தது: குழு ஆலோசனை கேட்ட இரண்டு ஸ்பானிய மொழி நிபுணர்களும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். "பார்த்தியா, மான்செஸ்டர்!" என்று கத்தினேன். பல்கலைக்கழகம் கோல் போடாது என்றான் அறைத்தோழன். மேலே படித்தால், அந்த நிபுணர்கள் சுவாரெஸுக்குச் சாதகமான விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். சுவாரெஸின் நாடான உருகுவேயில் 'நெக்ரோ' (கறுப்பன்) என்று நண்பனைச் செல்லமாகக் கூப்பிடுவது உண்டு. சுவாரெஸ் சொல்கிறபடியே நடந்திருந்தால் அது வசையாக இல்லாமல் போகலாம். எவ்ரா சொல்கிறபடி நடந்திருந்தால் கட்டாயம் வசைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். "அவங்க ஊர்ல அது சாதாரண வார்த்தைப்பா" என்ற வாதம் உடனே வரும். பதிலுக்கு நீங்கள் ஸ்பானிஷ் கற்க வேண்டியதில்லை. என் அப்பத்தா என்னைக் 'கருவாப்பயலே' என்றுதான் கூப்பிடுவார், அப்படிக் கூப்பிட்டால் கையில் பணியாரம் இருக்கிறது என்று அர்த்தம். அதே வார்த்தையை மைதானத்தின் நடுவில் ஒரு பி.டி. வாத்தியார் சொன்னார், பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத தமிழன் யாராவது இருக்கிறாரா? எவ்ராவை ஏற்கெனவே காலில் உதைத்தாகிவிட்டது, இருவரும் பெனால்டி பாக்ஸில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், சுவாரெஸ் அவர் கைத்தோலைக் கிள்ளுகிறார். அந்த நேரத்தில் என்ன செல்லம்? கிள்ளியது சமாதானப்படுத்தத்தான் என்று முதலில் சொன்ன சுவாரெஸே, குறுக்கு விசாரணையில் அப்படி இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்த வார்த்தையை ஒரே ஒரு முறை சொன்னதாக அவர் கணக்கு. ஏழு முறை என்று குழு முடிவு செய்தது.

அடுத்தது, குற்றச்சாட்டு என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வது. "அவர் இனவெறியர் இல்லை, அவருடைய தாத்தாவே கறுப்பினத்தவர்" என்று ஒரு வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். அறிக்கையில் பார்த்தால், சுவாரெஸ் ஓர் இனவெறியர் என்று யாருமே குற்றம் சாட்டவில்லை. அவரை அப்படி நினைக்கவில்லை என்று எவ்ராவே சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார். குற்றச்சாட்டு, அன்றைக்கு அந்த இடத்தில் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் பற்றியது. மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், ஒன்றும் கிடைக்காது. உங்கள் எதிராளி அந்தப் பக்கம் இழுத்தால் போகாதீர்கள்.

"ஆதாரம் எங்கே? ஒருத்தர் பேச்சை எப்படி நம்புவது?" இது அடுத்து வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில், எந்த அளவுகோல் என்பதில் இருக்கிறது. கால்பந்து சங்கத்தின் விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் காட்ட செல்சி கேப்டனாக இருந்த ஜான் டெர்ரியின் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆன்ஃபீல்ட் ஆட்டம் முடிந்து எட்டே நாளில், லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் எதிரணியின் ஆன்டன் ஃபெர்டினாண்டை நிறம் சொல்லித் திட்டினார் என்று புகார். 2012 ஜூலையில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் டெர்ரியை விடுவித்தது. செப்டம்பரில் சங்கத்தின் குழு அவர் செய்தார் என்று முடிவுசெய்து 4 போட்டித் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் போட்டது. இரண்டு தீர்ப்புமே அதனதன் அளவுகோலில் சரியாக இருக்கலாம். இது புரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

மீதிப் பாதி எண்ணிக்கைச் சண்டை. அவருக்கு ஏன் 4, இவருக்கு ஏன் 8? கணக்கு இப்படி. அவமதிக்கும் பேச்சுக்கு வழக்கமான தண்டனை 2 போட்டி. அதில் நிறமோ இனமோ சேர்ந்தால் இரட்டிப்பு, 4. டெர்ரி அங்கே நின்றார். சுவாரெஸுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது உள்ளிட்ட காரணங்களால் 8 ஆனது. குறைவு, அதிகம் என்று வாதாடுங்கள், தப்பில்லை. ஆனால் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2013இல் இங்கிலாந்தில் குறைந்தபட்சம் 5 என்று விதி மாறியது, ஐரோப்பியப் போட்டிகளில் 10 ஆனது. அதனால்தான் 2021இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி ஆட்டக்காரர் க்ளென் கமாராவிடம் சொன்ன வார்த்தைக்காக ஸ்லாவியா பிராக் ஆட்டக்காரர் குடேலாவுக்கு 10 போட்டி. 2011ஐயும் 2021ஐயும் பக்கத்தில் வைத்து "அநியாயம்" என்று கூவுவது பழைய பஸ் டிக்கெட்டைக் காட்டி இன்றைய கண்டக்டரிடம் சண்டை போடுகிற மாதிரி.

சுவாரெஸ் 2013இல் ஓர் ஆட்டத்தில் செல்சியின் இவானோவிச்சைக் கடித்ததற்கு 10 போட்டி கிடைத்தது, திட்டியதற்கு 8. அப்படியென்றால் பல்லைவிடச் சொல் சின்னதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் நல்ல பதில் இல்லை.

வதந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. "எவ்ரா ஏற்கெனவே இரண்டு முறை பொய்ப் புகார் கொடுத்தவர்" என்று நான் குறைந்தது இருபது பேரிடம் சொல்லியிருப்பேன். 2006இல் லிவர்பூலின் ஸ்டீவ் ஃபின்னனைப் பற்றிய புகார் எவ்ரா கொடுத்ததே அல்ல. டிவியில் உதட்டசைவைப் படித்த காதுகேளாத ரசிகர்கள் கொடுத்தது. 2008இல் செல்சி மைதான ஊழியரைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் யுனைடெட் பயிற்சியாளர்கள். பாதிக்கப்பட்டவரின் பழைய கதையை ஒருவர் எடுத்தால், அதை யார் சொன்னது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. சட்டையை மாற்றிப் பாருங்கள். யுனைடெட்டின் கவானி 2020இல் இன்ஸ்டாகிராமில் நண்பருக்கு 'நெக்ரிட்டோ' ('நெக்ரோ'வின் செல்ல வடிவம்) என்று நன்றி சொன்னதற்கு 3 போட்டித் தடை, 1 லட்சம் பவுண்டு. அதே உருகுவே, அதே மொழி. "அவங்க ஊர்ல சாதாரண வார்த்தை" என்ற என்னுடைய பழைய வசனத்தை அன்றைக்கு அறைத்தோழன் எனக்கே அனுப்பினான். உண்மையில் கவானி விஷயத்தில் அந்த வாதத்துக்கு வலு அதிகம், அவர் யாரோடும் சண்டை போடவில்லை. ஆனாலும் 2011இல் சொன்ன ஆளும் 2020இல் சொன்ன ஆளும் இடம் மாறி உட்கார்ந்திருந்தோம்.

எப்போது நிறுத்த வேண்டும்? குரூப்பில் யாராவது ஆட்டக்காரரின் தோலைப் பற்றி ஸ்டிக்கர் போட ஆரம்பித்தால். அதற்குப் பிறகு விவாதம் இல்லை, அட்மினிடம் சொல்லி அந்த ஆளை வெளியே அனுப்புங்கள்.

2019 அக்டோபரில், லிவர்பூலின் பழைய தடுப்பாட்டக்காரர் ஜேமி காரகர் அந்த டிஷர்ட்டுக்காக டிவியில் எவ்ராவின் முகத்துக்கு நேராக மன்னிப்புக் கேட்டார். பார்த்துவிட்டு நானும் தோஹாவில் இருக்கும் என் அறைத்தோழனுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன், மெஸ்ஸுக்கு டிஷர்ட் போட்டு வந்தது உட்பட. இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. சுவாரெஸ் எவ்ராவோடு கைகுலுக்க மறுத்த 2012 பிப்ரவரி ஆட்டத்தின் ஸ்கோர் மட்டும்.

"ரூனி 2, சுவாரெஸ் 1. விடு மச்சி."