கிளான்வில்லியம் சீடார்: விதையிலிருந்து வளர்க்கும் முறை

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் கேப் டவுனைப் பார்த்ததில்லை. இங்கே ஆடி நடுக்குளிர். சித்திரையில்தான் கோடை தணிந்து மழைக்கு ஆயத்தமாகிறது. கிளான்வில்லியம் சீடாருக்கு அதுவே பட்டம்.

தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஊசியிலை மரம் இது. மலைக்குப் பெயர் தந்ததும் இதுதான். பெயர் சீடார், குடும்பம் என்னவோ சைப்ரஸ். 1879இல் தந்திக் கம்பங்களுக்காக 7,200 இளமரங்களை வெட்டினார்கள். மிஞ்சியவற்றுக்குக் காட்டுத்தீ எமன்; எரிந்த மரம் அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை.

படி 1: விதை
மலையில் பொறுக்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். உள்நாட்டுத் தாவரங்கள் விற்கும் நாற்றுப்பண்ணையில் கேளுங்கள்.

படி 2: தொட்டி
ஒரு முழ ஆழம் இருக்கட்டும். இரண்டு பங்கு பருமணலோடு ஒரு பங்கு இலைமட்கு போதும். எரு வேண்டாம். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அதுவும் வேண்டாம்.

படி 3: விதைப்பு
விதையின் கனத்துக்கு மேல் மண் மூடாதீர்கள். மேலே கம்பிவலை கட்டாயம். மலையிலும் இந்த விதைக்கு எலிகள்தான் முதல் விருந்தாளிகள்.

படி 4: தண்ணீர்
இங்கேதான் நான் தோற்றேன். கறிவேப்பிலைக்கு ஊற்றும் பழக்கத்தில் தினமும் காலையில் ஊற்றினேன். ஒன்பது நாற்றுகள் எழுந்தன. இரண்டாம் வாரம் ஒன்று சாய்ந்தது. குனிந்து பார்த்தால், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக இளைத்துப் பழுப்பேறியிருந்தது, மேலே இலை மட்டும் பச்சையாக. நாற்றழுகல். ஒரு வாரத்தில் எட்டு போயின. பாறை இடுக்கில் வேர்விடும் மரத்துக்கு நம் பாசம்தான் நஞ்சு. விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். தொட்டிக்குக் காற்றோட்டமும் வேண்டும்.

படி 5: பொறுமை
இளஞ்செடியின் இலை ஊசிபோல இருக்கும். வளர்ந்தபின் செதில்போலத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். மாறும்போது நோய் என்று பயந்து மருந்து அடிக்காதீர்கள். நிலத்துக்கு மாற்றும்போது வேரைச் சுற்றியுள்ள மண் உதிரக் கூடாது. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மேடு.

கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுத் தொட்டியில் பிழைத்த அந்த ஒன்று இன்னும் ஊசியிலையோடுதான் நிற்கிறது. துளசிக்கு ஊற்றிவிட்டு மீதித் தண்ணீரோடு அம்மா அந்தப் பக்கம் திரும்பினால், ஓடிப்போய்ச் சொம்பை வாங்கிவிடுகிறேன்.