பாசிக்குடாவில் இருந்து படுவான்கரைக்கு: வாடகைக் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? என் அம்மாவுக்கோ அரை நாளில் அலுத்துவிட்டது. "கொழும்பில இருந்து இவ்வளவு தூரம் வந்து, கொக்கட்டிச்சோலைக்குப் போகாம உப்புத் தண்ணியில நிக்கிறதா?" என்றார். அம்மா மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைக் கோயில் இருக்கும் படுவான்கரையில் பிறந்தவர். நாங்களோ உதயதேவி ரயிலில் வந்து கல்குடாவில் இறங்கி, ஓட்டோ பிடித்து ஹோட்டலுக்குப் போனவர்கள். கையில் வாகனம் இல்லை.

ஹோட்டலில் விசாரித்தேன். தங்கள் வேனில் மட்டக்களப்புக் கோட்டை, வெளிச்சவீடு, கடைத்தெரு பார்த்து, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார்கள். அதற்குக் கேட்ட காசுக்கு வெளியில் இரண்டு நாளைக்குக் கார் எடுத்தேன். வாழைச்சேனையிலோ மட்டக்களப்பு நகரத்திலோ விசாரித்தால் சொந்தக் காரை நாள் வாடகைக்கு விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டோக்காரத் தம்பியிடம் கேளுங்கள், அவருக்கு நிச்சயம் ஒருவரைத் தெரிந்திருக்கும். ஆனால் முதல் நாளே பேசிவையுங்கள். நீண்ட வார இறுதியிலும் கோயில் திருவிழாக் காலத்திலும் அன்று காலை கேட்டால் கிடைக்காது.

"ஆர் ஓட்டுறது?" என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. நான்தான் என்றதும் கார்க்காரர் என் பின்னால் ஆம்பிளை யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். சரி, அது வேறு கதை.

உள்ளூர் ஆட்களுக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் அடையாள அட்டையும் போதும். அட்டையின் பிரதியைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தங்கள் கனடா லைசன்ஸை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியை எடுத்துக்கொண்டுதான் கிழக்குப் பக்கம் வர வேண்டும். இங்கே வந்த பிறகு அதற்காகத் திரும்பக் கொழும்புக்கு ஓடினால் விடுமுறையில் இரண்டு நாள் போய்விடும்.

காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி வாசித்துப் பாருங்கள். புல் இன்ஷூரன்ஸா, மூன்றாம் தரப்பு மட்டுமா? அதைவிட முக்கியம், சொந்தப் பாவனைக்கு என்று இருக்கிறதா, வாடகைக்கு விடவும் செல்லுமா என்பது. சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்த காப்புறுதியில், வாடகைக்கு ஓடும்போது இடித்தால் கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது. முதலில் பார்த்த காரை இதற்காகவே வேண்டாம் என்றேன். அம்மாவுக்குக் கோபம், நல்ல நிறமாம்.

நான் எடுத்தது ஒரு வாகன் ஆர். நாள் ஒன்றுக்கு 100 கிலோமீற்றர், அதற்கு மேல் ஓடினால் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பேச்சு. பாசிக்குடாவில் இருந்து மட்டக்களப்பு நகரமே சுமார் 35 கிலோமீற்றர். போய்வரவே 70 போய்விடும் என்பதால், இரண்டு நாளுக்கும் சேர்த்து 200 என்று பேசிக்கொண்டேன். நீங்களும் அப்படியே பேசுங்கள். ஒரு நாள் அதிகமாக ஓடினாலும் மறுநாள் சரிக்கட்டலாம்.

எடுக்கும்போது காரைச் சுற்றி வந்து வீடியோ எடுத்தேன்: கீறல்கள், பம்பர், மீற்றர், பெற்றோல் முள். ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஸ்பெயார் சில்லைப் பார்த்தேன், ஆனால் அமத்திப் பார்க்கவில்லை. மறுநாள் வாகரைக்குப் போகிற வழியில் பின்சில்லு காற்றுப் போனது. டிக்கியைத் திறந்தால் ஸ்பெயார் சில்லு அதைவிட மெலிந்து கிடந்தது. வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு அண்ணன்தான் சில்லைக் கழற்றித் தூக்கிப் போய் ஒட்டிக் கொண்டுவந்து பூட்டித் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். பிள்ளைகளின் பிஸ்கட் பக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆகவே சில்லைக் கையால் அமத்துங்கள், ஜாக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எங்கே போவது? சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் அது படும் பக்கம் படுவான்கரை. ஹோட்டல், கடைத்தெரு, நெடுஞ்சாலை எல்லாம் எழுவான்கரையில். சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் இந்தக் கரையோடு திரும்பிவிடுகின்றன. அந்தக் கரைக்குப் போகத்தான் சொந்தமாக ஒரு கார் வேண்டும்.

நகரத்தைத் தாண்டிக் கல்லடிப் பாலத்தில் மெதுவாகப் போங்கள். பக்கத்தில் நிற்கிறது 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். இந்த வாவியில் மீன் பாடும் என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. காத்தான்குடியில் நடுத்தெருவில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள், சனமும் நெரிசல், பொறுமையாக ஓட்டுங்கள். அதற்கும் தெற்கே ஆரையம்பதி கடந்ததும் மண்முனைப் பாலத்துக்குத் திரும்ப வேண்டும். 2014 இல் அது திறக்கப்படும் வரை இந்த இடத்தில் வாவியைக் கடக்கப் பாதைதான். எங்கள் ஊரில் பாதை என்றால் வாகனமும் ஆட்களும் ஏற்றும் மிதவை. காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, தான் பள்ளிக்கூடம் போன பாதை எந்தக் கரையில் முட்டும் என்று அம்மா கையைக் காட்டினார். ஹோட்டல் வேனில் வந்திருந்தால் இதற்கு நிறுத்தியிருப்பார்களா தெரியாது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி எழும்பிப் புல்லுத் தின்ற கதையை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார்கள். போர்த்துக்கீசர் காலத்துக் கதை. பூசை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், நடை சாத்திய பிறகு போய் வெளியில் நிற்க வேண்டி வரும். திரும்பும்போது வந்த வழியே வராமல் வயல்வெளி ரோட்டால் வாருங்கள். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கி ஓட்டுங்கள், அது ஒருவரின் முழுப் போகத்து உழைப்பு.

மற்றப் பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கே வாகரை, பனிச்சங்கேணிப் பாலம்: அரை நாள் போதும், ரோட்டும் நல்லது. மேற்கே பொலன்னறுவை: காலையில் வெளிக்கிட்டால் முடியும். தெற்கே பொத்துவில், அறுகம்குடா: ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள், நினைத்தால் சாரதியோடு எடுங்கள். கல்முனை நெரிசல் ஒன்றே உங்களைக் களைக்க வைத்துவிடும். மழைக்காலத்தில், அதாவது நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, கிரானுக்கு உள்ளே குடும்பிமலைப் பக்கம் போகும் யோசனையை விடுங்கள். வெள்ளம் வந்தால் ரோட்டு மூடிவிடும்.

இருட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கு வந்துவிடுங்கள். இரவில் தார் ரோட்டின் சூட்டுக்கு மாடுகள் நடுவில் படுத்திருக்கும். கறுப்பு மாடு வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். புணானை, வெலிக்கந்தைப் பக்கம் யானை கடக்கும். யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், கிட்டப் போகாமல் தூரத்திலேயே நின்று அது போகும் வரை காத்திருங்கள். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பதுதான் காருக்கு வேக எல்லை. வளைவுக்குப் பின்னால் பொலிஸ் நிற்பார்கள், சொல்லிவிட்டேன். இடித்தால் காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு உடனே கோல் எடுங்கள், அவர்கள் சொல்லும் வரை காரை அசைக்காதீர்கள். காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

திருப்பிக் கொடுக்கும்போது பெற்றோலை இருந்த அளவுக்கு நிரப்பி, மண்ணைத் தட்டிக் கொடுத்தேன். 200க்கு மேல் 11 கிலோமீற்றர் ஓடியிருந்தது, அதைக் கார்க்காரர் விட்டுவிட்டார். பிறகு டிக்கியைத் திறந்து, எருமைத் தயிர்ச் சட்டி மூன்றையும் கண்டு, "அக்கா, இது சிந்தியிருந்தா என்ன செய்யிறது?" என்று தலையில் கை வைத்தார். அம்மா ஒரு சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.