எரிந்த மோட்டரை உடனே வைண்டிங் செய்யக் கொடுக்காதீர்கள்

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் மோட்டர் எரிந்துவிட்டால், தோட்டக்காரர் முதலில் கேட்பது "வைண்டிங் செய்ய எவ்வளவு?" என்றுதான். வைண்டிங் என்றால் மோட்டருக்குள் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றுவது; சுற்றிய சுருளுக்கும் அதே பெயர்தான். ஏன் எரிந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. காரணம் அப்படியே கிடந்தால், புதிதாகச் சுற்றியதும் சில மாதங்களில் அதே மாதிரிக் கருகிவிடும்.

மூடியைக் கழற்றிச் சுருள்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எல்லாச் சுருள்களும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சுமை கூடியிருக்கிறது, அல்லது வோல்டேஜ் குறைந்த நேரத்தில் நெடுநேரம் ஓடியிருக்கிறது. திரீ பேஸ் மோட்டரில் (மூன்று பேஸ் வயர்களில் கரண்ட் வருவது) சில சுருள்கள் கரியாகி, நடுநடுவே மற்றவை புதிது போலப் பளபளத்தால் ஒரு பேஸ் அறுந்த நிலையில் ஓடியிருக்கிறது. ஸ்டார் இணைப்பில் (மூன்று பேஸ் சுருள்களின் ஒரு நுனி ஒன்றாகச் சேர்ந்திருப்பது) இரண்டு பேஸ் சுருள்கள் கருகும், டெல்டாவில் (மூன்றும் முக்கோணமாக இணைந்திருப்பது) ஒன்று. ஒரேயொரு இடத்தில் மட்டும் செம்பு உருகி மணிமணியாக நின்றால் கம்பியும் கம்பியும் பட்டு ஷோர்ட் ஆகியிருக்கிறது. பழைய கம்பியை வெட்டி எறிவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பேஸ் அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதுதான்: போன பியூஸ், மோட்டரைப் போட்டு அணைக்கும் கன்டாக்டரின் தேய்ந்த முனை, உப்புக்காற்றில் பச்சை பிடித்த வயர் நுனி. இதைக் கவனிக்காமல், ஓவர்லோட் ரிலே (கரண்ட் கூடினால் மோட்டரை நிறுத்தும் கருவி) அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவைக் கூட்டி வைக்கிறார்கள். அது மோட்டரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கே நிற்க வேண்டும்.

வோல்டேஜையும் சொல்ல வேண்டும். 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் மோட்டரின் இழுவிசை ஏறத்தாழ மூன்றில் இரண்டாகக் குறைகிறது. பம்பின் சுமையோ அதே அளவுக்குக் குறைவதில்லை, அதனால் கரண்டை அதிகமாக இழுக்கும். கரண்ட் 10 சதவீதம் கூடினால் செம்பில் சூடு 21 சதவீதம் கூடும். வைண்டிங் 10 பாகை கூடுதலாகச் சூடேறி ஓடினால் அதன் காப்பின் (கம்பி மேல் கரண்ட் கசியாமல் தடுக்கும் பூச்சின்) ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. விளக்கு மங்கலாக எரியும் நேரத்தில் இறைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

வைண்டிங் செய்யும் இடத்திலும் தவறு நடக்கிறது. 20 நம்பர் கம்பி இருந்த இடத்தில், கையில் இருக்கிறதென்று அதைவிட மெல்லிய 21 நம்பர் போட்டால் கம்பியின் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். மோட்டர் ஓடும், தண்ணீர் வரும், ஆனால் காசு சூடாகப் போய்க்கொண்டே இருக்கும். அதைவிட மோசமானது, பழைய கம்பியை இளக்க ஸ்டேட்டரை (சுருள் இருக்கும் அசையாத இரும்புப் பகுதியை) நெருப்பில் போடுவது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளுக்கு இடையில் மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. அது எரிந்தால் தகட்டுக்குத் தகடு சுழல் மின்னோட்டம் பாயும். அப்புறம் எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் அந்த மோட்டர் சும்மா ஓடும்போதே கொதிக்கும். கம்பி நம்பரையும் சுற்று எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். எப்படி இளக்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஒற்றை பேஸ் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். அநேகமாக மோட்டரைத் தொடக்கி வைக்கும் கப்பாசிட்டர்தான் போயிருக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கும் சேர்ந்து போகும்.

கார்த்திகை மழையில் மூழ்கிய மோட்டரை ஒருநாள் வெயிலில் வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். உப்புத்தண்ணீர் ஏறியிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு மெதுவான சூட்டில் உலர்த்த வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் சுருளின் அடியில் ஈரம் நிற்கும். கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்ச் விழுவது அதனால்தான். அதற்காக ட்ரிப்பைத் தாண்டி நேர் வயர் கொடுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், கிணற்றடியில் வெறுங்காலுடன் பிள்ளைகள் நிற்பார்கள். காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரை வைண்டிங்குக்கும் மோட்டரின் உடலுக்கும் இடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஒருநாள் காயட்டும்.