ஊருக்குப் போனால் அடுக்களைப் பக்கம் போகாதீர்கள்

பெட்டியில் எத்தனை கோடாலித் தைலம் வைப்பது, யாருக்கு எந்த சாக்லேட் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது ஒன்றுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகிறீர்களா, போய்ச் சாப்பிடுங்கள். எதையும் சமைத்துப் போடுகிறேன் என்று மட்டும் வாய் கொடுக்காதீர்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. முட்டமும் குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கு. ஆக, ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பூட்டு. வள்ளத்தில், அதாவது நாட்டுப்படகில், வருகிற மீன்தான் மீன். பினாங்கிலிருந்து கிளம்பி, திருவனந்தபுரத்தில் இறங்கி, மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி நான் வீடு சேர்ந்தது ஜூன் 5.

பெரியம்மை முன்னமே வீடியோ காலில் நான் லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பு ஆக்குவதைப் பார்த்திருந்தாள். பினாங்கு லக்சா தேங்காய்ப்பால் விட்டது அல்ல. மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. பையைக்கூட இறக்கவில்லை, தொடங்கிவிட்டாள்.

"மக்கா, ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொல்லியாச்சு, கேட்டியா. அந்த மீன் நூடுல்ஸ நீதான் ஆக்கணும்."

"எத்தன பேரு?"

"என்ன, ஒரு நாப்பது பேரு வருவாவ."

வெளியூரில் இருப்பவன் முடியாது என்று சொல்ல முடியாது. சொன்னால், "அம்மைக்குத்தான் ஒண்ணும் செய்யல்ல" என்று யாராவது சொல்வார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு மைனியின் மகன் பைக்கில் ஏற்றிக் குளச்சலுக்குக் கொண்டுபோனான். கடற்கரையில் இரண்டே வள்ளம். அயிலை ஒரு கடவம்தான் வந்தது. என் காலில் கிடந்த ஷூவைப் பார்த்ததும் ஏலம் தானாக ஏறிற்று. விலையை இங்கே எழுத மாட்டேன். ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்து மனசை ஆற்றிக்கொண்டேன். பினாங்கில் லக்சாவுக்குப் போடும் கெம்போங் மீனும் அயிலை இனம்தான், அந்த மட்டுக்கும் நிம்மதி.

பெலாச்சானைச் சட்டியில் வாட்டியதும் அடுத்த வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "என்ன செத்துக் கெடக்கு?" என்றார். பெரியம்மை மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கூனில்லா" என்று ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே காய்ந்த கூனி இறால். நான் பத்திரமாகப் பொதிந்து கொண்டுபோன ஆசாம் கெப்பிங் என்கிற காய்ந்த புளிப்புப் பழத்துண்டைப் பார்த்து, பரணிலிருந்து கொடம்புளியை எடுத்து நீட்டினாள். இரண்டும் ஒரே மரக்குடும்பம். இஞ்சிப்பூ மட்டும்தான் அவளிடம் இல்லை. நூடுல்ஸுக்கு இடியாப்பம்.

பதினொரு மணிக்குச் சனம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக அண்டாவை எட்டிப் பார்த்து ஒரே கேள்வி: "தேங்கா அரைக்கல்லியா?" அது வெளிநாட்டுச் சாப்பாடு, தேங்காய் கிடையாது என்றேன். நீங்கள் தின்னும் மரச்சீனிக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் இங்கே பரவியது என்றும் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா, "அதுக்கும் தேங்கா வச்சுதானலே மயக்குகோம்" என்றார்.

நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் பெரியம்மை அம்மியில் உட்கார்ந்துவிட்டாள். தேங்காய், மஞ்சள், மல்லி, நாலு உள்ளி. குழவி போகும்போது இடது பக்கம் லேசாகச் சரிந்தது. அந்த இடத்தில் கல் குழிந்திருந்தது. அம்மை எப்போதும் அந்தப் பக்கம்தான் சாய்ந்து அரைப்பாள். அவள் போன பிறகு, வீட்டுச் சாமான்களை என்ன செய்ய என்று போனில் கேட்டார்கள். "உங்களுக்குத் தோணுனதச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு நான் மீட்டிங்குக்குப் போனேன்.

அரைப்பு முழுவதும் அண்டாவுக்குள் போயிற்று. அது மீன் கறியாகிவிட்டது. நாற்பது பேரும் இடியாப்பத்தில் ஊற்றிச் சாப்பிட்டு, பினாங்குச் சாப்பாடு அருமை என்றார்கள்.

ஹோட்டல் விஷயம் சுருக்கம். நாகர்கோவிலில் சாயங்காலமானால் தெருவுக்கு நாலு ஃப்ரைடு ரைஸ் கடை. அங்கே கிடைக்கும் மஞ்சூரியனுக்கும் சீனாவுக்கும் சம்பந்தமில்லை, அது மும்பைச் சரக்கு. பசித்தால் தின்னலாம், அதற்காகப் போக வேண்டாம். காலையில் சாயாக்கடை ரசவடை, மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் துவரனும் புளிசேரியும் போடுகிற சின்னக் கடை, இரவு மரச்சீனியும் சாளைக் கறியும். மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும். கையிலெடுத்தால் சீப்பு முடிகிறவரை நிறுத்த முடியாது.

கிளம்புகிற அன்று பெரியம்மை கொடம்புளியை இரண்டு கவர் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். அம்மியைக் கேட்டேன். சிரித்தாள்.

"எங்க கொண்டுபோவ மக்கா? முப்பது கிலோவுக்கு மேல ஏத்தமாட்டாவல்லா."